ஒரு பெல் எட்மண்ட்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மார்லோ ஷாஃப்டின் இன்ஜின் ரூமுக்குள் நான் காலடி வைத்தது சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. நல்ல வெயில். கதவுக்கு வெளியே பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. உள்ளே சிவப்பு சிமென்ட் தரையைத் தேய்த்துக் கழுவி விட்டிருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. பழைய கட்டடங்களைப் பார்க்க பெங்களூரிலிருந்து இருபது பேர் வருகிறார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டுவது என் வேலை.

வார நாட்களில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை, பயந்தாங்கொள்ளிகளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைடு. துரைமார் பங்களா, அவர்கள் குளிர் காய்ந்த கணப்பு, பில்லியர்ட்ஸ் மேசை கிடக்கும் கிளப், கல்லால் கட்டிய சர்ச், எல்லாம் காட்டுவேன். "குட்டி இங்கிலாந்து மாதிரியே இருக்கே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் போனதில்லை. ஆமாம், இங்கிலாந்து அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்று மைனிங் லைன் வீடுகளைக் காட்டுவேன். பத்தடிக்குப் பத்தடி. சிலர் சிரிப்பார்கள், சிலர் படம் எடுத்துக்கொள்வார்கள்.

மார்லோவை மட்டும் நான் யாருக்கும் காட்டியதில்லை. சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அன்றிலிருந்து பூட்டிக் கிடந்தது. அப்படியே பூட்டிக் கிடந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். என் அப்பா செத்தது அந்த ஷாஃப்டில்.

அறை பெரியது, சர்ச் உயரம். நடுவில், சுரங்கக் குழியில் ஆட்களை ஏற்றிப்போகும் இரும்புக் கூண்டான கேஜைத் தூக்கி இறக்கிய ராட்டினம், பச்சை பெயிண்ட் அடித்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அதில் சுற்றியிருந்த இரும்புக் கயிறு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. டிரைவர் உட்காரும் நாற்காலி, பக்கத்தில் பிரேக் லிவர். எதிரே கேஜ் எந்த லெவலில் நிற்கிறது என்று காட்டும் ஆளுயர டயல். அதன் ஒற்றை முள் பூஜ்யத்தில் நின்றது. பெயிண்டர் முள்ளையும் டயலையும் சேர்த்து அடித்துவிட்டதால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

சுவரில் பித்தளை பெல். அதன் கீழே பதில் கொடுக்கும் கைப்பிடி. இரண்டிலிருந்தும் கம்பி சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிறது, வெளியே ஒரு முழத்தில் வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஷாஃப்டின் வாயையும் சிமென்ட் போட்டு மூடியாகிவிட்டது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர்.

பெல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். கன்னடம், இங்கிலீஷ், தமிழ். நான் தமிழைப் படித்தேன்.

'1988-இல் இந்த ஷாஃப்டின் 38-ஆவது லெவலில், பெல்மேன் எட்மண்ட் மூன்று பெல் கொடுக்க வேண்டிய இடத்தில் தவறுதலாக ஒரு பெல் கொடுத்தார். ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேஜ் நகர்ந்தது. நான்கு தொழிலாளர்களும் எட்மண்டும் உயிரிழந்தனர்.'

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

பெல் பாஷை எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கேஜில் ஆள் ஏறப்போகிறதென்றால் கீழே இருக்கும் பெல்மேன் மூன்று அடிப்பான். மேலே டிரைவர் பதிலுக்கு மூன்று அடிப்பார். அந்தப் பதில் வந்த பிறகுதான் யாரும் கேஜில் கால் வைக்கலாம். எல்லோரும் ஏறி, கதவு போட்டு, சங்கிலி மாட்டிய பிறகு பெல்மேன் ஒன்று அடிப்பான். ஒன்று என்றால் தூக்கு. அந்த ஒன்று வருகிற வரைக்கும் டிரைவர் லிவரில் கை வைக்கக் கூடாது.

என் அப்பா வீட்டுக்குள்கூட பெல் பார்த்து நுழைகிற மனிதர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் முன்கதவில் மூன்று தட்டுவார். அம்மா உள்ளேயிருந்து கரண்டிக் காம்பால் மூன்று தட்டிப் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மழையில் நனைந்துகொண்டு நிற்பாரே தவிர, திறந்து கிடக்கிற கதவுக்குள்ளும் காலை வைக்க மாட்டார். லைனே இதைச் சொல்லிச் சிரிக்கும். அவர் தவறுதலாக ஒன்று அடித்தாராம்.

விசாரணையில், மேலே ராட்டினத்தை ஓட்டிய வைண்டிங் டிரைவர் சொன்னார், ஒரு பெல்தான் வந்தது என்று. கீழே இருந்த ஐந்து பேரும் செத்துவிட்டார்கள், வேறு யார் சொல்வது? அன்றிலிருந்து அப்பாவின் பெயர் ஒரு பெல் எட்மண்ட். நான் ஒரு பெல் பொண்ணு. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கு அம்மா கதவைத் திறக்கவில்லை. "மூணு தட்டுங்க, அப்பால தொறக்கிறேன்" என்று உள்ளே உட்கார்ந்துவிட்டாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் பின்கதவை உடைத்துப் பெட்டியை உள்ளே கொண்டு வந்தார்கள். அம்மா சாகிற வரைக்கும் அந்த மனிதர்களை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

இந்த நடைப்பயணத்தை நடத்தும் ஷில்பா அப்போதுதான் உள்ளே வந்தாள். பெங்களூர் பெண், கெட்டிக்காரி.

"இந்த எட்மண்ட் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "எங்கப்பா."

அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கு கொத்தே இல்ல, ஆன்ட்டி, தெரியவே தெரியாது. சாரி. ஆனா ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. பேப்பர்ல இருக்கிறதத்தான் நான் போட முடியும்."

"பேப்பர்ல பொய் இருந்தா?"

"அன்னிக்கி ட்யூட்டில இருந்த டிரைவர் நாளைக்கி வராரு, அவருதான் சீஃப் கெஸ்ட். அவரே வேற மாதிரி சொன்னா நானே போர்டைக் கழட்டிடறேன்."

"யாரு, கிருஷ்ணப்பாவா?"

"ஹௌது, ஆன்ட்டி. அவருதான்."

முப்பத்தாறு வருடமாகச் சொல்லாதவர் மாலை போட்டுக்கொண்டு நாளைக்குச் சொல்லப்போகிறாரா? ஷில்பா பெயிண்டரைத் தேடிப் போனாள்.

தனியாக நின்றபோதுதான் வாசனை வந்தது. ஈரப் பாறை, வெடிப்புகை, வியர்வை. அப்பாவின் ஷிஃப்ட் சட்டையைத் துவைக்கப் போடும்போது வரும் வாசனை. பெயிண்ட் நெடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

பெல்லைத் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது. கம்பியைப் பிடித்தேன்.

கம்பி விறைப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கையை எடுத்துவிட்டு வெளியே ஓடிப் பார்த்தேன். வெட்டிய முனை வெயிலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் திரும்ப உள்ளே போனேன். "நாளைக்கி வரேன். அதுவரைக்கும் இருங்க" என்று பெல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. கிருஷ்ணப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். எண்பத்துநாலு வயது, கையில் தடி, வெள்ளைச் சட்டை. எங்கள் லைனில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"எட்மண்ட் பொண்ணுதானே நீ? நல்லா கீறியா?"

"நல்லா கீறேன், மாமா."

"உங்கம்மா?"

"போயிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். என் கண்ணைப் பார்க்கவில்லை. ஷில்பா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் டிரைவர் நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டாவது ஷிஃப்ட் முடியிற நேரம். நான் இங்கதான் குந்தினு இருந்தேன். ஒரு பெல் வந்திச்சி. ஒண்ணுன்னா தூக்கணும். தூக்கினேன்."

மனப்பாடம் செய்த பாட்டு மாதிரி வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். "நல்லா நெனச்சிப் பாத்து சொல்லுங்க, மாமா. எத்தினி பெல்?"

"விசாரணையில சொன்னதுதாம்மா. ஒண்ணுதான்."

அப்போது பெல் அடித்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பெல்லுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. வந்தவர்கள் கை தட்டினார்கள். ஷில்பாவின் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். ஷில்பா என்னைப் பார்த்தாள். நான் கிருஷ்ணப்பாவைப் பார்த்தேன். அவர் டயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் முப்பத்தெட்டில் நின்றது. அது விட்டுப்போன இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது.

மறுபடியும் மூன்று.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ஜன்னல் வழியாக வெயில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது, ஆனால் பேசினால் வாயிலிருந்து புகை வரும் அளவுக்கு அறை குளிர்ந்துவிட்டது. நேற்றைய வாசனை தரையிலிருந்து கிளம்பியது. ஒரு குழந்தை அழுதது. ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள்.

"ஆன்ட்டி, எல்லாரும் வெளிய போயிடலாம்" என்றாள் ஷில்பா.

"நீ அவங்கள இட்டுகினு போ. கீழ பதிலுக்கு நிக்கிறாங்க."

கிருஷ்ணப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். "பதில் குடுக்காதம்மா" என்று கிசுகிசுத்தார். "குடுத்தா ஏறிடுவாங்க."

"யாரு ஏறுவாங்க? ஒரு பெல்லுதானே வந்திச்சின்னு சொன்னீங்க?"

அவர் தலைப்பை விட்டார்.

மூன்றாம் தடவையும் மூன்று அடித்தது. அவசரமே இல்லாத அடி. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே அதே இடைவெளி. அந்தத் தட்டலை நான் பதின்மூன்று வருடம் கேட்டு வளர்ந்திருக்கிறேன், எனக்கா தெரியாது.

பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனால் முப்பத்தாறு வருடமாக அந்த மனிதர் கீழே தண்ணீரில் நின்று மூன்று அடித்துக்கொண்டே இருக்கிறார், மேலே ஒருத்தரும் பதில் கொடுக்கவில்லை. நானும் ஓடினால் நான் எதற்கு அவருக்குப் பிறந்தேன்? கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். வெட்டிய கம்பிதான், ஆனால் கிணற்றில் நீர் நிறைந்த வாளியை இழுப்பது போலக் கனத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

காலுக்கு அடியில், எங்கோ ஆழத்தில், ஒரு பெல் என் மூன்றையும் வாங்கி அடித்தது.

பிறகு காலடி. இரும்புத் தகட்டில் கம்பூட்ஸ் ஏறும் சத்தம்.

ஒருவர்.

இரண்டாவது ஆள்.

மூன்றாவது காலடி விழும்போது லிவர் கிரீச்சிட்டது. கிருஷ்ணப்பாவின் வலது கை அதைப் பிடித்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அது தன் கை இல்லை என்பது போல. கை லிவரை இழுக்கத் தொடங்கியது.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்பத்துநாலு வயதுக்கு அவ்வளவு பலம் இருக்காது. என் இரண்டு கையும் வழுக்கியது.

"ஒண்ணு வரல, மாமா. ஒண்ணு வர வரைக்கும் கை வைக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். "தெரியும்மா. அன்னிக்கும் தெரியும்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மூணு வந்திச்சி. நானும் மூணு குடுத்தேன். ஷிஃப்ட் முடியிற நேரம், வீட்டுக்குப் போற அவசரம். இந்நேரம் ஏறி இருப்பாங்கன்னு நெனச்சிகினேன். ஒண்ணுக்கு நிக்கல. நான்தான் நிக்கல."

"சத்தமா சொல்லுங்க."

"எட்மண்ட் ஒழுங்காத்தான் அடிச்சான்." அந்தக் கிழவர் அறை அதிரச் சொன்னார். "மூணுதான் அடிச்சான். தப்பு என்னுது."

வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஷில்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓடிப் போகவில்லை.

லிவரில் இருந்த கை தளர்ந்தது. நான் விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே காத்திருந்தோம்.

மூன்றாவது காலடி முழுதாக உள்ளே வந்தது.

நான்காவது.

இரும்புக் கதவு சாத்தும் சத்தம். சங்கிலி மாட்டும் சத்தம்.

பிறகு ஒன்றுமே இல்லை. கிருஷ்ணப்பா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவர் காத்திருக்காத நேரம் இவ்வளவுதான், ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட இல்லை.

பெல் அடித்தது.

ஒன்று.

"இப்ப தூக்குங்க, மாமா."

அவர் லிவரை இழுத்தார். கயிறே இல்லாத ராட்டினம் நகரவில்லை. ஆனால் தரை அதிர்ந்தது. டயலின் முள் பெயிண்டைக் கீறிக்கொண்டு ஏறியது. முப்பது. இருபது. பத்து. அவர் மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கொண்டு வந்தார். முள் பூஜ்யத்தில் நின்றபோது வெளியே, சிமென்ட் மூடியின் பக்கம், ஒரு கதவு திறந்தது.

நான் வெளியே போய்ப் பார்த்தேன். காய்ந்த சிமென்ட்டின் நட்டநடுவிலிருந்து ஈரமான பூட்ஸ் தடங்கள் கிளம்பி கேட்டைப் பார்த்துப் போயிருந்தன. வெயிலில் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. நான்கு ஜோடி. இரண்டு தரம் எண்ணினேன், நான்குதான்.

பெல்மேன் கடைசியாகத்தான் வருவான். ஆறு மணி வரை பெல்லின் கீழே உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை.

போர்டை ஷில்பாவே கழற்றினாள். ஸ்க்ரூ டிரைவரை யாரிடமும் கொடுக்கவில்லை. கிருஷ்ணப்பா சொன்னதை அவரை வைத்தே எழுதிக் கையெழுத்து வாங்கினாள். ஆட்டோவில் ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிக்கிற ஆளு நான் இல்ல, மாமா" என்றேன். "சொன்னீங்க இல்ல, அத்தோட போங்க."

கல்நெஞ்சக்காரி என்று அங்கே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். லைனில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டிருந்தார்கள், எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஷிஃப்ட் ஆள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார் என்பது எனக்கு அப்போது நினைவு வரவில்லை. நினைவு வந்தபோது சோறு வெந்திருந்தது.

முன்கதவில் தட்டினார்கள்.

மூன்று.

கதவடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. வெடிப்புகை வாசனை.

முதலில் பின்கதவுக்குப் போய்த் தாழ் போட்டேன். அந்த வழியாக இனி யாரும் அவரைக் கொண்டு வர வேண்டாம். அம்மாவின் கரண்டி அடுப்புக்கு மேலே ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்து, காம்பால் கதவில் மூன்று தட்டினேன். பிறகு திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. எதிர் வீட்டுப் பெண் என்னைப் பார்த்து, "யாருக்கு லூயிசா கதவத் தொறக்கிற?" என்று கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால், வாசற்படியிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் தரையில் ஒரு ஜோடி ஈரத் தடம். மேசைக்கு அடியில் இருந்த நாற்காலி பின்னால் இழுத்துப் போட்டிருந்தது.

நான் இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தத் தடம் கோடையிலும் காயவில்லை. எதிர் வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு, பழைய வீடு, ஓதம் ஏறுகிறது, தரையைப் பெயர்த்துப் புதுசாகப் போடு என்கிறாள். நான் போட மாட்டேன்.